மகிழ மரத்தடியில் சலங்கை ஒலி

சனிக்கிழமை மாலை ஐந்து மணி சுமாருக்குத் திருவொற்றியூர் தேரடியில் நீங்கள் நின்றீர்களானால் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பெண் குழந்தைகள் இருவர் மூவராக மாட வீதிப் பக்கம் நடந்து போவார்கள். தோளிலே ஒரு துணிப் பை. பள்ளிக்கூடப் பையென்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பை பேசாது. இந்தப் பை பேசும். ஒவ்வோர் அடிக்கும் "ஜல், ஜல்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கும்!

அந்த ஜல் ஜல்லைப் பின்தொடர்ந்துதான் நாமும் போனோம். மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்து. அதில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் பாதிக்குத் தகரக் கொட்டகை; மீதிப் பாதிக்கு ஆகாயமே கூரை. கிழக்கேயிருந்து கடற்காற்று. மேற்கேயிருந்து, காற்று திசை மாறினால், மணலி சுத்திகரிப்பு ஆலையின் வாசனை. இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு குழந்தைகள் இடுப்பில் கைவைத்து அரைமண்டியில் உட்கார்ந்து, "தெய்யா தெய்" என்று தரையை அதிர வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ் வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?" என்று டீச்சரிடம் கேட்டோம்.

"கீழ் வீட்டுக் குழந்தை அதோ, இரண்டாவது வரிசையில்" என்றார் சிரித்துக்கொண்டே. கெட்டிக்காரர்தான்! தம் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் அவரை டீச்சர் என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

திருவொற்றியூர் என்றால் உங்களில் பலருக்கு இரண்டு சித்திரங்கள் தோன்றும். ஒன்று வடிவுடையம்மன். பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று சந்நிதிகளையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டு வருகிற மாமிமார்கள் எத்தனையோ பேர். மற்றொன்று புகைபோக்கிகள். 1946-ல் இந்த ஊரில் ஒரு சிறு கொட்டகை போட்டுக் குழந்தைகளுக்கு ரப்பர் பலூன் செய்ய ஆரம்பித்தார் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் பிற்காலத்தில் எம்.ஆர்.எப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. 1955-ல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. மொட்டை மாடியில் ஆடுகிற குழந்தைகளின் அப்பாக்களில் பலர் ஷிப்டு வேலைக்காரர்கள். இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிற அப்பாவுக்குத் தொந்தரவில்லாமல் வீட்டில் எப்படி ஆடிப் பழகுவது? ஒரு குழந்தை வழி சொன்னாள்: "காலைத் தூக்கி மெதுவா வெச்சுப்பேன் மிஸ். சத்தம் வராது. கை மட்டும் ஒழுங்கா பண்ணுவேன்."

அடவுகளைக் கற்றுத் தேறுவதற்கே ஒரு வருஷம், சில குழந்தைகளுக்கு இரண்டு வருஷம் ஆகிறது. தட்டடவு, நாட்டடவு என்று வரிசையாக மூன்று காலத்திலும் ஆடிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சலங்கை பூஜை. அதுவரை காலில் வெறும் தோல்தான்! "எப்போ மேடை ஏத்துவீங்க?" என்று சேர்த்த மூன்றாம் மாதமே கேட்கிற தாய்மார்கள் உண்டாம். உறவினர் வீட்டுக் குழந்தை எங்கேயோ ஆடிய படம் கைப்பேசியில் வந்திருக்கும். நம் குழந்தை மட்டும் இன்னும் தட்டடவிலேயே நிற்கிறதே என்று மனத்துக்குள் ஒரு குறை. இதைப் படிக்கும் தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாமும் அப்படிக் கேட்டிருக்கக்கூடியவர்கள்தாம்.

வகுப்புச் சுவரில் நடராஜர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் படம் மாட்டியிருக்கிறது. அன்னப்பட்சி போன்ற வெள்ளை உடை. கால் கட்டை விரல் நுனியில் நிற்கிறாள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழந்தையும் இது யாரென்று கேட்குமாம். டீச்சர் கதை சொல்ல உட்கார்ந்துவிடுவார்.

அவள் பெயர் அன்னா பாவ்லோவா. ருஷ்ய தேசத்தில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1881-ல் பிறந்தவள். தாயார் துணி வெளுத்து ஜீவனம் செய்தவள். அந்த ஏழைத் தாய் 1890-ல் எப்படியோ பணம் சேர்த்துக் குழந்தையை அரசாங்க நாடகசாலைக்கு அழைத்துப்போய் 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்ற பாலே நாட்டியத்தைக் காட்டினாள். குழந்தை வீடு திரும்பும்போதே, ஆடினால் அங்கேதான் ஆடுவேன் என்று தீர்மானித்துவிட்டாள். ஒன்பது வயதில் பாலே பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால், "சின்னப் பெண், நோஞ்சான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு வருஷம் மறுபடி போய் நின்றாள். 1891-ல் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் ஆடாத தேசமில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் ஆடும் மேடையிலேயே சின்னச் சின்ன வேஷங்களில் அவர்களும் ஏறுவார்கள். 1892 டிசம்பரில் சைகாவ்ஸ்கியின் சங்கீதத்துடன் 'நட்கிராக்கர்' அரங்கேறியபோது கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரும் குழந்தைகளாக ஆடியவர்கள் பள்ளிக் குழந்தைகளே. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிறிஸ்துமஸ் வந்தால் பாலே பள்ளிகளில் 'நட்கிராக்கர்' வந்தாயிற்று என்று அர்த்தம். நமக்குத் தீபாவளி என்றால் பட்சணம் போல, அவர்கள் ஊர்க் குழந்தைகளுக்கு டிசம்பர் என்றால் அந்த ஆட்டம்.

பாவ்லோவாவின் படம் திருவொற்றியூர் மாடியில் தொங்குவதற்கு நியாயம் இல்லாமலில்லை. அவளைச் சந்தித்து, அவள் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றுக்கொண்டவர் ருக்மிணி தேவி. உங்கள் தேசத்துக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டிய பிறகே அவர் பார்வை சதிர்க் கச்சேரியின் பக்கம் திரும்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் முதன்முதலாக மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாகப் போட்டார்கள். குறவஞ்சியும் மெலட்டூர் பாகவத மேளாவும் நமக்குப் பழைய சொத்துத்தான். ஆனாலும் இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு நாட்டிய வகுப்புக் குழந்தைகள் கூட்டமாக வேஷம் கட்டி ஒரு கதையை ஆடுகிறார்களே, அதற்குக் கலாக்ஷேத்திரத்து நாட்டிய நாடகங்கள் ஒரு பெரிய காரணம். கலாக்ஷேத்திரம் இருப்பது திருவான்மியூர்; தெற்குக் கோடி. திருவொற்றியூர் வடக்குக் கோடி. இரண்டு ஊர்க் கோயில்களிலும் தியாகராஜர் சந்நிதி உண்டு என்பது ஒரு பொருத்தம்!

இந்த மாடி வகுப்புக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. விஜயதசமியன்று புதுக் குழந்தைகள் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்துடன் வந்து முதல் அடி வைப்பார்கள். கார்த்திகைப் பௌர்ணமிக்கு வகுப்புக் கிடையாது. ஆதிபுரீசுவரருக்கு வருஷத்தில் மூன்றே நாள் கவசம் களைகிற சமயம், தெருவெல்லாம் ஜனத்திரள், குழந்தைகள் வந்து சேர முடியாது. மார்கழியில் அரைப் பரீட்சை. அதோடு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்களில் சீசன். இங்கிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு இரவு திரும்புவது குடும்பத்துக்கு ஒரு யாத்திரை மாதிரி. 2021-ல் மெட்ரோ ரயில் வடக்கே நீண்ட பிறகு சற்றுச் சௌகரியம். தியாகராஜ சுவாமிகள் வீணை குப்பய்யரின் அழைப்பின்பேரில் இங்கு வந்து, திரிபுரசுந்தரியான இந்த வடிவுடையம்மன்மீதே ஐந்து கீர்த்தனங்கள் பாடிவிட்டுப் போனார். பாட்டு பிறந்த இடம் இது. கச்சேரி கேட்க மட்டும் நாம் தெற்கே போக வேண்டியிருக்கிறது!

வகுப்பின் பெரிய விசேஷம் மாசியில். தியாகராஜ சுவாமி கோயில் பிரம்மோற்சவம் அப்போதுதான். அதில் மகிழடி சேவை என்ற ஐதீகம் நடக்கும். கடைசியில் தியாகராஜர் பதினெட்டுத் திருநடனம் ஆடுவார். சுவாமியே ஆடுகிற ஊரில் குழந்தைகள் ஆடாமல் இருப்பார்களா? வருஷா வருஷம் மாசியை ஒட்டி இவர்கள் போடுகிற நாட்டிய நாடகம் ஒன்றே ஒன்று. சங்கிலி நாச்சியார் கதை.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருவாரூரில் பரவை நாச்சியாரை மணந்த சுந்தரர், தலயாத்திரையாகத் திருவொற்றியூருக்கு வருகிறார். சுவாமிக்குப் பூமாலை தொடுக்கும் சங்கிலியைப் பார்க்கிறார். மனம் பறிபோய்விடுகிறது. சுவாமியிடமே தூது கேட்கிறார். சங்கிலியோ லேசுப்பட்ட பெண்ணல்ல. "ஏற்கெனவே திருவாரூரில் ஒரு மனைவி இருக்கிறாளே? என்னை விட்டுப் போக மாட்டேன் என்று சத்தியம் செய்து தரட்டும்" என்கிறாள். சுந்தரர் ஒரு யுக்தி செய்கிறார். சந்நிதியில் சத்தியம் செய்தால் பிறகு மீற முடியாது. ஆகவே அந்தச் சமயம் மட்டும் நீங்கள் வெளியே மகிழ மரத்தடியில் போய் இருங்கள் என்று சுவாமியிடம் சொல்லிவைக்கிறார். சுவாமி சம்மதித்துவிட்டு நேரே சங்கிலியின் கனவில் போய், "சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிடுகிறார்! மறுநாள் மரத்தடிக்கு வாருங்கள் என்று சங்கிலியின் தோழிகள் அழைக்கும்போது சுந்தரர் விழிக்கிற விழிப்பை எட்டு வயதுப் பையன் ஒருவன் அபிநயம் பிடித்துக் காட்டினான். வகுப்பில் இருக்கிற மூன்றே பையன்களில் ஒருவன். ஒத்திகையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை, அதுவல்லவோ நடிப்பு!

மகிழ மரமாக நிற்பது வகுப்பிலேயே சின்னக் குழந்தை. எளிய வேஷம் என்று கொடுத்தார்களாம். கால் மணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதைவிடக் கஷ்டமான நாட்டியம் உண்டா? ஒத்திகையின்போது மரத்துக்கு மூக்கில் அரித்தது. மரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. பிறகு பொறுக்க முடியாமல் ஒரு கிளையை இறக்கிச் சொறிந்துகொண்டது.

கதையின் பின் பாதியைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அழகு தனி. சுந்தரர் ஏன் சத்தியத்தை மீறினார்? வசந்த காலம் வந்தது. தென்றல் வீசியது. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. அந்தச் சபையில் பரவையார் பாடுவதும் ஆடுவதும் கண்முன் தோன்றிவிட்டது. அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் மறைந்தன. சீசன் வந்துவிட்டால் நம் ரஸிகர்களுக்கு இருப்புக் கொள்ளாது என்கிறோமே, எந்தக் காலத்து வியாதி பாருங்கள்!

இந்தக் கதையைத் திருவொற்றியூரில் கூட்டம் கூடிக் கேட்பது புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராச சோழன் பங்குனி உத்திர விழாவுக்கு இங்கே வந்து, மகிழ மரத்தடியில் அமர்ந்து, ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணத்தைக் கேட்டான் என்று கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரர்தான்.

நாட்டியத்துக்கும் கல்வெட்டு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் இராசராசனின் 19-ஆம் ஆட்சியாண்டில், ஆவணித் திருவிழாவின்போது அரசன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து உறவாக்கின தலைக்கோலி என்பவளின் அகமார்க்கம் என்ற நிகழ்ச்சியைக் கண்டான். மகிழ்ந்து, மணலியில் நிலம் ஒதுக்கி, அதற்கு அவள் பெயராலேயே உறவாக்கினநல்லூர் என்று பெயரிடச் செய்தான். தலைக்கோலி என்பது ஆடலில் தேர்ந்தவளுக்குரிய பட்டம். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிப் பெற்ற தலைக்கோல் பட்டத்தின் வழி வந்தது. மொட்டை மாடியில் நின்றபோது மேற்கே மணலிப் பக்கம் வானத்தில் ஆலையின் சுவாலை தெரிந்தது. அந்தத் திசையில் எங்கேயோதான் ஒரு நாட்டியக்காரியின் பெயரில் ஒரு நல்லூர் இருந்திருக்கிறது.

ஆடிய பெண்கள் வாயில்லாப் பூச்சிகளும் அல்ல. பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்று இந்தக் கோயிலில் மூன்று பிரிவினர் இருந்தார்கள். யார் எங்கே ஆடுவது, யார் பாடுவது, யார் கவரி வீசுவது என்று 14-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குள் தகராறு முற்றி வேலை நிறுத்தம் வரை போய்விட்டது! அதிகாரிகள் மண்டபத்தில் கூடி விசாரித்து, இன்னின்னாருக்கு இன்னின்ன முறை என்று வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தொழிற்சங்கப் பேட்டை என்று பெயர் வாங்கிய இந்த ஊரில் முதல் வேலை நிறுத்தம் எந்த ஆலையில் நடந்தது என்று யாராவது கேட்டால், ஆலையில் அல்ல, கோயிலில் என்று நீங்கள் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

அந்தப் பரம்பரை என்ன ஆயிற்று? பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. தடுக்க வேண்டிய கொடுமைதான். ஆனால் அந்தக் குடும்பங்களிலிருந்து ஆட்டமும் ஜீவனமும் சேர்ந்தே போய்விட்டன. பக்கத்தில் ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வளர்ந்த பாலசரஸ்வதி, 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறினார். அவரைப் போல உலகப் புகழ் பெற்றவர்கள் மிகச் சிலர். பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய மரபில் வந்தவர். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

"அதனாலேதான் அரங்கேற்றம் என்றால் எனக்குக் கொஞ்சம் சங்கோசம்" என்றார் டீச்சர். "மண்டபம், பக்க வாத்தியம், பட்டு, விருந்து என்று லட்சக்கணக்கில் ஆகிறது. ஷிப்டு வேலை பார்க்கிற அப்பா எங்கே போவார்? கடன் வாங்கியாவது செய்கிறேன் என்று வருகிறவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்." அந்தச் செலவைக் கேட்டால் நமக்கும் ஒரு கல்யாணத்துக்கு ஒத்திகை பார்ப்பது போலத்தான் தோன்றுகிறது. வாடகை மேடையில் ஒரு நாள் ஆடுவதற்கும், நாலு தெரு ஜனங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்க வருஷா வருஷம் ஆடுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

ஆனால் மாசிக்கு வேறொரு பகை இருக்கிறது. பொதுப் பரீட்சை!

அந்த வருஷம் சங்கிலியாக ஆடியவள் பத்தாம் வகுப்பு மாணவி. ஆறு வருஷமாக வகுப்புக்கு வருகிறவள். ஒத்திகை நடக்கும்போதே அவள் தாயார் படியேறி வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். கையில் சாப்பாட்டு டப்பா.

"கோச்சுக்காதீங்க டீச்சர். மாசியோட நிறுத்திக்கிறோம். அவங்க அப்பாவுக்குக் காண்டிராக்டு வேலை. இவளாவது படிச்சு ஒரு நிலைக்கு வரணும்."

டீச்சர் வாதாடவில்லை. "ஆகட்டும்மா. மாசி வரைக்கும் விடுங்க, போதும்" என்றார். பத்தாம் வகுப்பில் நிற்பதும், பிறகு சலங்கை பரணில் ஏறுவதும் அவருக்குப் பழகிப்போன விஷயம். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் பூத்தொடுக்கிற அபிநயத்தை மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டிருந்தாள்.

மாசியில் மறுபடியும் போயிருந்தோம். தெரு முனையில் சிறு மேடை. ஒலிபெருக்கி இரண்டு தடவை தகராறு செய்தது. மரம் அன்றைக்கு அசையவே இல்லை. சுந்தரர் விழித்தார், ஜனங்கள் சிரித்தார்கள். கடைசியில், கணவன் எல்லையைத் தாண்டிப் போன பிறகு, சங்கிலி தனியே உட்கார்ந்து மாலை தொடுக்கிறாள். பாட்டுக் கிடையாது, ஜதி கிடையாது. இல்லாத பூவை எடுக்கிறாள், இல்லாத நாரில் முடிகிறாள். முன் வரிசையில் மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆயா, "பாவம்டி பொண்ணு" என்று பக்கத்திலிருந்தவளிடம் உரக்கவே சொன்னாள்.

எல்லாம் முடிந்து மேடைக்குப் பின்னால் அந்தப் பெண் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிவிட்டது. தாயார் குனிந்து, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு இரண்டு சலங்கையையும் துணியில் சுற்றி டீச்சரிடம் நீட்டினார்.

"வீட்டுல வெச்சா எடுத்து எடுத்துப் பார்ப்பா. படிப்பு ஓடாது. நீங்களே வெச்சிருங்க டீச்சர்" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார்.

டீச்சர் வீட்டு அலமாரியில் பழைய மாணவிகள் விட்டுப்போன சலங்கைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. புதிதாக வாங்க வசதியில்லாத குழந்தைகளுக்கு அவற்றைத்தான் எடுத்துத் தருவார். இந்த ஜோடியை அங்கே வைக்கவில்லை. பூஜை மாடத்தில், தட்டுக்கழிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.